ராத்திரி செட்

எங்கள் செட்டில் வேலை பிடித்து வந்தவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. செட் என்றால் ஆர்.எம்.எஸ்.ஸில் ஒரு ஷிஃப்டுக்குச் சேர்ந்து வருகிற ஆட்கள். ஆர்.எம்.எஸ். என்றால் ரயில்வே மெயில் சர்வீஸ். இந்தப் பெயரால் என் கல்யாணப் பேச்சே ஒருமுறை குழம்பியது. பெண் வீட்டார் ரயில்வே மாப்பிள்ளை என்று நினைத்து, வருஷத்துக்கு எத்தனை பாஸ் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். பாஸெல்லாம் கிடையாது, நாங்கள் தபால் இலாகா என்றதும், அப்படியானால் எந்த ஊரில் தபால் கொடுக்கிறீர்கள் என்றார்கள். அதுவும் கிடையாது. ஊர் தூங்குகிற நேரத்தில் ஸ்டேஷன் ஓரத்துக் கட்டடம் ஒன்றில் நின்றுகொண்டு, வேறு ஊர்களுக்குப் போகிற கடிதங்களைப் பிரித்துக் கட்டுகிற ஆள் நான் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் விடியும்வரை. பை வரும். மெயில்மேன் அரக்கு முத்திரையைப் பார்த்து, வெட்டிக் கொட்டுவார். கடிதங்களை முகம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, எதிரே நிற்கிற கேஸில் போடவேண்டும். கேஸ் என்பது அறை அறையாகத் தடுத்த மர அடுக்கு. அறைக்கு ஓர் ஊர், அல்லது ஒரு வழி. நிரம்பியதை எடுத்துச் சணலால் கட்டி, மேலே செக் ஸ்லிப் வைத்து, அதில் பெயர் முத்திரை குத்தி, பையில் போட்டு, லேபிள் கட்டி, அரக்கு வைத்து, ரயிலுக்கு அனுப்பவேண்டும். மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே.

செட்டில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். மாதம் பிறந்தால் அவர் கையில் கடிதக் கட்டைவிடச் சீட்டு நோட்டுதான் அதிகம் புரளும். ஒருவர் பேங்க் பரீட்சைக்குப் படித்தார். கேஸின் மூலை அறை ஒன்றில் எப்போதும் அவருடைய கணக்குப் புத்தகம் இருக்கும், அது எந்த ஊருக்குப் போகிற தபால் என்று கேலி செய்வோம். இன்னொருவருக்கு ஆற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். நடவு, அறுப்பு நாட்களில் பகல் பூராவும் வரப்பில் நின்றுவிட்டு வந்து மூட்டைமேல் சாய்வார். அவருக்கு ஆபீஸ்தான் ஓய்வு. யூனியன் வேலையாகவே இருந்தவர் ஒருவர். இவர்களுக்கெல்லாம் வேறு எதிலாவது ஆசை இருந்தது. எங்களில் மூத்தவரான பெரியண்ணனுக்கு அதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் மதுரையில் பயிற்சி முடித்து, மனப்பாடம் செய்த ஊர்ப் பெயர்களோடு போய் நின்ற முதல் ராத்திரி, அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னேன்.

"இதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. பதினாறு வருஷம் நில்லு, தானா வரும்."

என்ன வரும் என்பது பிறகுதான் புரிந்தது. 1983 நவம்பரில் தபால் இலாகாவில் ஒரு ஏற்பாடு வந்தது. 16 வருஷம் சர்வீஸ் முடித்தவருக்கு அடுத்த சம்பள நிலை. 1991-இல் அதோடு இன்னொன்று சேர்ந்தது: 26 வருஷத்துக்கு அதற்கு மேல் ஒரு படி. இதைக் குறைத்துப் பேசமாட்டேன். அதற்கு முன்னால் சேர்ந்த நிலையிலேயே ரிட்டயர் ஆனவர்கள் எத்தனையோ பேர். சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வாங்கிய நியாயம் அது. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவும் இருந்தது. விழுந்து விழுந்து பிரித்தாலும் 16, சணல் சுற்றிக்கொண்டே தூங்கினாலும் 16. ஆகையால் எங்கள் கட்டடத்தில் ஒருவன் சுறுசுறுப்பாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்பார்கள். "என்னப்பா, எதுக்கு?" என்பார்கள். திட்டிக் கேட்பதில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்கள்.

எனக்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை. ஊர்ப் பெயர்கள் பிடித்திருந்தன, அவ்வளவுதான். ஆலங்குடி என்று ஒரு கடிதம் வந்தால் அது புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடியா, வலங்கைமான் பக்கத்தில் குரு ஸ்தலமாக இருக்கிற ஆலங்குடியா? ஒன்றுக்கு 622, இன்னொன்றுக்கு 612. குருப்பெயர்ச்சி சமயத்தில் வெளியூர்க் கையெழுத்தில் ஆலங்குடி என்று வந்தால் கோயிலுக்குத்தான் என்று கை தானாகப் போகும். திருப்பத்தூரும் இரண்டு. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, 635601. காரைக்குடிப் பக்கம் ஒன்று, 630211. புதூர், புதுப்பட்டி, நல்லூர், மேட்டுப்பட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே பெயருள்ள ஊர்களுக்காக நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். இலாகா கேட்ட நோட்டு இல்லை. வீட்டில் கூட யாருக்கும் அது எதற்கு என்று தெரியாது.

இந்தக் குழப்பத்துக்காகத்தான் பின்கோடே வந்தது. 1972 ஆகஸ்ட் 15. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளர். முதல் எண் மண்டலம், அடுத்தது உள்மண்டலம், மூன்றாவது பிரிக்கிற மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா ஆபீஸ். இது எல்லோரும் பயிற்சியில் படித்ததுதான். எனக்கு அவர்மீது ஈடுபாடு வந்தது வேறொரு விஷயத்தால். மனிதர் சமஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர். பகலில் ஃபைல், மற்ற நேரத்தில் செய்யுள். மொழி புரியாதவன், எழுத்து தெரியாதவன்கூட ஒரு கடிதத்தைச் சரியான பைக்குள் போடும்படி ஆறு எண்ணில் நாட்டை அடக்கியது யாப்புப் பழகிய கைதானே என்று நினைத்துக்கொள்வேன். ஆதாரம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

அதே இரண்டு மணிக்குத்தான் டீ. ஸ்டேஷன் வாசலில் ஒரு கடை எந்நேரமும் திறந்திருக்கும். ஒருநாள் அங்கே உற்சாகம் தாங்காமல் எல்லோருக்கும் புதுச்சேரி கதையைச் சொன்னேன். ஒரே யூனியன் பிரதேசம், நான்கு துண்டு, நான்குக்கும் வேறு வேறு எண் வரிசை. புதுச்சேரி 605. காரைக்கால் மயிலாடுதுறையோடு சேர்ந்து 609. மாஹே கேரளத்துக்குள் இருப்பதால் 673. யானம் ஆந்திரத்துக்குள், அதனால் முதல் எண்ணே மாறி 533. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லையைத் தபால் இலாகா கண்டுகொள்ளவே இல்லை, ரயில் போகிற வழியைத்தான் பார்த்தது, எவ்வளவு அழகு பாருங்கள் என்றேன்.

பெரியண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதனால டீ விலை குறையுமா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டீக்கடையில் கிரிக்கெட்டும் சம்பளக் கமிஷனும்தான் பேசினேன். நோட்டு என்னோடு இருந்தது. வேலையில் கிடைக்கிற சந்தோஷத்தை அடுத்தவருக்கு ஊட்டப் பார்ப்பது ஒருவகைத் தொந்தரவு என்பது என் கட்சி. எனக்கு அகத்திக்கீரை பிடிக்கும் என்பதற்காக வீட்டில் எல்லோரும் அகத்திக்கீரை தின்ன வேண்டுமா? ஊழியர்களுக்கு ஊக்கம் ஊட்டுவதற்கு இப்போது கூட்டம் போடுகிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள், பலூன் உடைக்கச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பெரியண்ணனை அங்கே உட்கார வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அவர் சலித்துக்கொண்டவர்தான், சோம்பேறி அல்ல. இதை நான் கண்டுகொள்ள நாளாயிற்று. செக் ஸ்லிப் என்று சொன்னேன் அல்லவா, ஒரு கட்டில் தப்பான ஊர்க் கடிதம் இருந்தால் அந்தச் சீட்டு எதிர் ஆபீஸிலிருந்து திரும்பி வரும். பெயர் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். என் பெயர் போட்டு வந்தது உண்டு. சீட்டுப் பிடித்தவருக்கு வாராவாரம் வரும். பெரியண்ணன் பெயருக்கு ஒன்றும் வந்து நான் பார்க்கவில்லை. அவர் கேஸின் முன்னால் நிற்கிற விதமே தனி. கண் எங்கேயோ இருக்கும். கடிதத்தின் கீழ் ஓரத்தை மட்டும் பார்ப்பார், கை அறைக்குப் போய் வரும், தப்பாது. பிடித்த வேலையைச் சரியாகச் செய்வது பெரிய காரியமில்லை. பிடிக்காததை இத்தனை வருஷம் பிசகில்லாமல் செய்வதற்கு வேறு ஏதோ வேண்டும். மானம் என்று சொல்லலாமா தெரியவில்லை. கேட்டிருந்தால், "தப்பாப் போட்டா மறுபடியும் நம்மகிட்டதான் வரும், ரெண்டு வேலை" என்றிருப்பார்.

ஒருமுறை ஒரு கார்டு. 15 காசுக் கார்டு. யாரோ ஒரு வாத்தியார், பிள்ளையார் கோயில் பக்கம், புதுப்பட்டி. தாலுகா இல்லை, ஜில்லா இல்லை, பின்கோடு இல்லவே இல்லை. நோட்டை எடுத்தேன். அதில் புதுப்பட்டிகள் ஒரு பக்கத்துக்கு இருந்தன. இந்த மாதிரிக் கடிதங்களைத் தனியாக வைத்துவிட்டு, கடைசியில் அனுப்பியவருக்கே திருப்புவது முறை. அனுப்பியவர் விலாசமும் இல்லையென்றால் ஆர்.எல்.ஓ., அதாவது ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ். நான் அதை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பெரியண்ணன் பார்த்தார். கையை நீட்டி வாங்கி, முகவரியைப் பார்க்காமல் தேதி முத்திரையைப் பார்த்தார். எந்த ஊரில் பெட்டியில் போட்டது என்று.

"பொண்ணு கொடுக்கறது எடுக்கறது எல்லாம் எவ்வளவு தூரம் தம்பி? பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பற தூரம். ஜில்லா எழுதாம விட்டான்னா, ஜில்லாவே வேண்டாம்னு நெனச்சிருக்கான். பக்கத்துப் புதுப்பட்டிக்குப் போடு."

போட்டேன். திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அன்றிலிருந்து என் நோட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊர் எந்தப் பக்கத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் என்பதையும் எழுத ஆரம்பித்தேன். கல்யாணப் பத்திரிகைகள் அதற்கு உதவின. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவின கவர்கள் கட்டுக்கட்டாக வரும். விடியும்போது விரலெல்லாம் மஞ்சளாகிவிடும். எந்த ஊர் எந்த ஊருக்குப் பத்திரிகை வைக்கிறது என்பதைப் பிரிக்கிறவனைவிட யார் அறிவார்? ஜாதகப் புரோக்கர்கூட எங்களிடம் கேட்டிருக்கலாம்.

ஆசையாக வேலை செய்கிறவனுக்கு ஓர் ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வேலை தெரிந்தவன் தலையில்தான் வேலை விழும். எனக்கு ஆர்வக்கோளாறு என்று பெயர் வைத்த அதே ஆட்கள், "தம்பிக்குத்தான் பிடிக்குமே" என்று தங்கள் கேஸில் மிச்சம் இருந்ததை என் பக்கம் நகர்த்தினார்கள். முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பிரிக்கிற சுகம் போய் மூட்டை அடிக்கிற அலுப்பு வந்தது. யூனியன்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் கேஸை நீ எவ்வளவு வேணும்னாலும் ரசிச்சுப் பாரு. அடுத்தவன் கேஸைத் தொடாதே. நீ பாட்டுக்கு ரெண்டு ஆள் வேலையைச் செஞ்சா, ஒரு ஆள் போதும்னு எழுதிடுவான் மேல இருக்கறவன்."

இதைவிட உருப்படியான புத்திமதியை வேலை விஷயத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுநாளே சீட்டுக்காரரின் மிச்சத்தை மரியாதையாகத் திருப்பி வைத்தேன். "என்ன சார், கோவமா?" என்றார். கோபமில்லை சார், இது உங்கள் ஊர் என்றேன். இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். அந்த மாதச் சீட்டில் எனக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை.

நடுவில் சில காலம் ஓடுகிற செக்‌ஷனில் போட்டார்கள். ரயிலிலேயே பிரிப்பது. இது பழைய ஏற்பாடு. 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே முதலில் ஆரம்பித்தது. மெயில் வேனில் இரண்டு பக்கமும் கேஸ், நடுவில் நாங்கள். காலை அகட்டி வைத்து, வண்டி ஆடுகிற பக்கம் உடம்பை விட்டு, கையை மட்டும் ஆடாமல் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். வேன் பக்கவாட்டிலேயே தபால் பெட்டி உண்டு. கடைசி நேரத்தில் ஓடி வந்து, லேட் ஃபீக்கு ஒரு தபால்தலை கூட ஒட்டிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நிற்பார்கள்.

அங்கே ஒரு விசித்திரம் பார்த்தேன். கட்டடத்தில் மூட்டைமேல் சாய்ந்தே ராத்திரியைக் கழித்த அதே ஆட்கள், வண்டியில் ஏறினால் வேறு ஆட்கள். யாரும் விரட்டவில்லை. அடுத்த ஸ்டேஷன் வருகிறது. அதற்குள் அந்த ஊர்ப் பை கட்டி முடிந்திருக்க வேண்டும். நடைமேடையில் ஒருவர் தள்ளுவண்டியோடு கை நீட்டிக்கொண்டு நிற்பார். பையைக் கொடுத்ததும் அந்த ஊர் முடிந்தது, கேஸில் அந்த அறை காலி. அந்தக் காலி அறையைப் பார்க்கிற திருப்தி இரண்டு ஏக்கர்காரர் முகத்தில் தெரிந்தது. அறுத்து முடித்த வயலைப் பார்த்தாலும் அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கட்டடத்தில் அந்த ஸ்டேஷன் வருவதே இல்லை. எவ்வளவு பிரித்தாலும் இன்னொரு பை வந்து விழும். எங்கள் செட்டின் அலுப்பை ஆட்களின் குணம் என்று நினைத்திருந்த நான், பாதி அந்தக் கட்டடத்தின் குணம் என்று கணக்கை மாற்றிக்கொண்டேன். திரும்பி வந்ததும், எனக்கு நானே ஸ்டேஷன்களை வைத்துக்கொண்டேன். இன்ன ரயில் ஊதுவதற்குள் இந்த வரிசை, பால் வண்டி வருவதற்குள் அந்த வரிசை. கடிதம் குறையாது. ஆனால் ராத்திரி துண்டு துண்டாக நகரும்.

ஓடுகிற செக்‌ஷனில் போய்ச் சேர்ந்த ஊரில், திரும்பி ஏறும்வரை ரெஸ்ட் ஹவுஸ். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் படிப்பேன். எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பார்த்த வேலை பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து, வகைபிரித்து வைப்பது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்து பேப்பர் கிழிப்பது போலத்தான் இருந்ததாம். எனக்கு ஏனோ ஒரே ஆபீஸ்காரர் மாதிரி ஆகிவிட்டார். பெரியண்ணனிடம் சொன்னேன். "கிழிக்கறதுக்குச் சம்பளமா? நல்ல வேலை" என்றார். அவர் அதிசயமாகப் பாராட்டிய ஒரே வேலை அதுதான்.

ரயிலில் பிரிப்பது பிறகு படிப்படியாக நின்றது. 1990-களில் பெரிய நகரங்களுக்கு எந்திரங்கள் வந்தன. கார்டும் இன்லேண்டும் வற்றின. வங்கிக் கடிதங்களும் டெலிபோன் பில்லும் வந்தன, எல்லாம் அச்சடித்த விலாசம், எல்லாவற்றிலும் பின்கோடு. கையெழுத்தைப் படித்து ஊரைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு முடிந்தது. எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது அப்போதுதான். பேங்க் பரீட்சைக்காரர் என்றோ பாஸாகிப் போயிருந்தார். யூனியன்காரர் மாற்றலில் போனார்.

பொங்கலைச் சொல்லாமல் எப்படி விடுவது? வாழ்த்து அட்டைகள் உச்சத்தில் இருந்த வருஷங்கள். மாடு, கரும்பு, பானை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே தெருவுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட அட்டைகூட எங்கள் வழியாகத்தான் போகும். மார்கழிக் கடைசியில் பைகள் வாசல்வரை குவியும். ஒரு வருஷம் கேஸுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடமெல்லாம் மூட்டை. நாங்கள் மூன்று மணிக்குத் தலை சாய்க்கிற மூலையும் போய்விட்டது. பெரியண்ணன் தன் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மூட்டை, அதன்மேல் இன்னொரு மூட்டை.

"எடுங்கடா எல்லாத்தையும்" என்றார்.

அந்த ராத்திரி செட் முழுவதும் நின்றது. சீட்டு நோட்டு மூடிக் கிடந்தது. இரண்டு ஏக்கர்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு நின்றார். யாரும் யாருக்கும் எதையும் தள்ளவில்லை. திருப்பத்தூரா, எந்தத் திருப்பத்தூர், ஆலங்குடியா, இங்கே போடு என்று குரல்கள். என் நோட்டில் இருந்ததெல்லாம் அவர்கள் வாயில் வந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மெயில்மேன் அரக்குக் காய்ச்சிக்கொண்டே இருந்தார். நாலரை மணி வாக்கில் தரை தெரிந்தது. எனக்குக் கை ஓயவில்லை, இன்னும் ஒரு பையை வெட்டலாமா என்று பெரியண்ணனைக் கேட்டேன்.

அதற்குள் அவர் துண்டை உதறி விரித்துவிட்டார்.

"அது உன் பை. நீ வெட்டிக்கோ. லைட்டை மட்டும் அந்தப் பக்கம் திருப்பு."